நாடிக்கட்டு

பதினோரு குச்சிகள்.

ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுகிய தாடை விலகுவதற்காகக் கணவரின் பற்களுக்கிடையே செருகிவிட்டு, அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். அவர் கண்ணோரம் நீர் கோத்து நின்றது.

முந்தைய வாரம் பத்துதான் போயிற்று.

“தீபாவளிக்கு ஒன் அதிரசத்தக் கடிச்சிருவேன். சுத்தியல மட்டும் எடுத்து வையி,” என்றார், குச்சிகளை உருவியதும், பல்லிடுக்கு வழியாக.

“வாய்தான் தெறக்கல. வாய்க்கொழுப்பு கொறையல.”

குச்சிகளைக் கழுவப் போனாள். கழுவி, ஜன்னல் மேடையில் பரப்பிவிட்டுத் திரும்பியபோது அவர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வாயில் வந்த புற்றுநோயால் இல்லை. அதை ஓர் ஆறுதலைப்போலச் சொன்னார்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது.

எதிர்வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி பழைய வேட்டியிலிருந்து ஒரு பட்டை கிழித்துக்கொண்டு வந்தார். தெருவில் எந்தச் சாவுக்கும் நாடிக்கட்டு கட்டுவது அவர்தான். தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சிடுவார்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“கட்டாட்டி வாய் பொளந்துக்கிடும் தாயி. பாக்க நல்லாருக்காது.”

அவள் அந்தத் துணியைப் பார்த்தாள்.

கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடித்த மாதத்தில் தாடை இறுகிப்போய், அந்த வாயில் ஸ்பூன் நுழையவில்லை. ஸ்ட்ராதான். பிறகு, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற ஸ்பூன். ஒரு குச்சி கூட்ட ஒரு மாதம் ஆனதும் உண்டு. முதல் வாய் சோறு உள்ளே போன அன்று, அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் அடுத்த வாயோடு காத்திருந்தாள்.

“பொளக்காது,” என்றாள். “கட்டாதீங்க.”

அண்ணாச்சி துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பிளக்கவில்லை.

குளிப்பாட்டிக் கிடத்திய பிறகும் அதே இடுக்கு. காலையில் குச்சிகளை எடுத்ததும் தாடை மறுபடி இறுகி நின்றபோது இருந்தது எவ்வளவோ அவ்வளவு.

வாய்க்கரிசிக்கு வரிசை நின்றது. ஒவ்வொருவரும் போட்ட அரிசி உதட்டில் பட்டு, கழுத்தில் உருண்டு, பெஞ்சுக்கு அடியில் சிந்தியது.

“எங்கண்ணன் ஒரு மணிகூட வாங்க மாட்டேங்கானே மதினி,” என்று நாத்தனார் அவள் தோளில் விழுந்து அழுதாள்.

“வாங்குவாக.”

அவள் முறை வந்தது.

குனிந்தாள். இடது கடைவாயை ஒரு விரலால் மெல்ல விலக்கினாள். அந்தப் பக்கம் பற்களை எடுத்திருந்தார்கள். அந்த வழி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நாலே நாலு மணி அரிசி. வைத்து, சுண்டுவிரலால் உள்ளே தள்ளினாள்.

போயிற்று.

இன்னும் நாலு.

கை அவர் வாயருகே போகும்போதெல்லாம் அவள் வாயும் ஆவென்று திறந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி அழுகையை நிறுத்திவிட்டாள்.

உள்ளங்கையில் பாதி அரிசி இன்னும் இருந்தது.

வெளியே சங்கு ஊதினார்கள்.

“நேரமாகுது தாயி,” என்றார் அண்ணாச்சி, மிகத் தணிவாக.

அவள் நிமிரவில்லை. அடுத்த நாலு மணியை விரல் நுனியில் பிடித்தபடி காத்திருந்தாள்.

அவருக்கு விழுங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.