அப்பா கேட்ட ஒரு கிளாஸ்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. சின்னக் கதைதான், உலையில அரிசி வேகறதுக்குள்ள சொல்லிடறேன்.

“டப்பா ஜூஸ் வேணாம்டா சசி. பஜாருக்குப் போயி ஆரஞ்சு வாங்கியா, நானே பிழியறேன்” என்றாள் சத்யா.

சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்காட்ச் பாட்டிலைத் தடவியபடி நின்றான் தம்பி சசிகுமார். “நல்ல சரக்குக்கா. இதுல போயி பழத்தப் பிழிஞ்சு ஊத்தணுமா?”

“அப்பா அப்படித்தான்டா கேட்டாரு.”

சசி செருப்பை மாட்டினான்.

நெய்வேலியில் சத்யாவின் குவார்ட்டர்ஸில் அன்று அப்பா ராஜாங்கத்துக்கு முதல் வருஷப் படையல். மைன்ஸில் நைட் ஷிப்டு பார்த்தே தேய்ந்த மனுசர். போன வருஷம் படுக்கையில் கிடந்தவர் சத்யாவின் கையைப் பிடித்து, “பீரோவுல இருக்கிற ஸ்காட்ச்சுல ஆரஞ்சு பிழிஞ்சு, ஒரே ஒரு கிளாஸ் கலந்து குடும்மா” என்றார்.

ஒரு சொட்டுகூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். “இந்த நிலமையிலயும் உனக்குக் குடி கேக்குதாப்பா?” என்று அதட்டிவிட்டாள்.

மறுநாள் விடிந்தபோது அவர் இல்லை. அந்த அதட்டல் மட்டும் அவள் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

பழம் வந்தது. பிழிந்து, கொட்டை விழாமல் வடிகட்டி, விஸ்கியில் ஊற்றிக் கலக்கினாள். தலைவாழை இலையில் கறிக்குழம்புக்கும் வடைக்கும் பக்கத்தில் கிளாஸை வைத்தாள். கற்பூரம் எரிந்ததும் உடைந்துபோனாள்.

“கேட்டப்ப குடுக்காத பாவி, இப்ப வெச்சிகினு கெஞ்சறேன். எடுத்துக்கப்பா. என்னை மன்னிச்சிடுப்பா.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா செங்கமலம் எழுந்து வந்தாள். இலையிலிருந்த கிளாஸைக் கையில் எடுத்தாள்.

“அம்மா! அப்பாவுக்குப் படைச்சதும்மா!”

“இதையா ஒரு வருசமா மனசுல வெச்சிகினு புழுங்கற? எனக்குத் தெரியாமப் போச்சேடி.” செங்கமலம் முந்தானையால் வாயை மறைத்தபடி ஒரு மிடறு குடித்தாள்.

“அவரு உன்கிட்ட கேட்ட அன்னிக்கு எங்க கல்யாண நாளு. வருசா வருசம் நீங்க தூங்கினப்புறம் அவரு கையால கலந்து தருவாரு. புள்ளைங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டுகினு நின்னுட்டேன். அவரு கேட்டது அவருக்கு இல்லடி... எனக்கு.”

மனசுல இருக்கிறத வெக்கப்படாமப் பேசிக்கிற வூடா இருந்து, உங்க வூடு என்னிக்கும் நிறைஞ்சிருக்கட்டும் கண்ணுங்களா.