படையலுக்கு முன்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வடை வாசம் வந்தது.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

படையலும் சாப்பாடும் முடிந்திருக்கும் என்று நினைத்து, முதலில் வந்த பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறினாள். முடியவில்லை.

ஆடி அமாவாசை இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்திருக்கிறது.

காலையில் சபையில் உள்ளங்கை எரியும் வரை கை தட்டியிருந்தாள். எல்லாரும் எழுந்து நின்று சந்தோஷம், சந்தோஷம் என்று பாடினார்கள். அவளும் பாடினாள். பொய்யில்லை. அங்கே நிற்கும்போது உண்மையாகவே இருந்தது. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கோ இறங்கிப் போய்விட்டது.

ஞானஸ்நானம் எடுத்தபோது இந்தக் களைப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

தண்ணீரிலிருந்து எழுந்த அன்று மரம் செடியெல்லாம் கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. ஈரச் சேலையோடு சிரித்துக்கொண்டே நின்றாள். அது போன வருஷம். அந்த மாதமே ஆடி அமாவாசையும் வந்தது. இறந்துபோன மாமனாருக்குப் படைத்த சோற்றை மாமியார் எல்லாருக்கும் பரிமாறினாள். இவள், "எனக்கு இது ஆகாது" என்று இலையைத் தள்ளினாள். சொந்தபந்தம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விசுவாசத்தில் உறுதியாக நின்றுவிட்டதாக அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அதிலிருந்து மாமியார் அவளோடு பேசுவதில்லை. தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

"பால்காரன் வந்துட்டான்."

"தண்ணி வருது."

ஒரு வருஷம். ஒரே சமையலறை.

நோன்பு, பொங்கல், அமாவாசை என்றால் கணவன் குமரேசன் அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இந்த முறையும் சொன்னான். அவள் போகவில்லை. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் திரும்பி வரத் தோன்றாது என்று பயமாக இருந்தது.

உள்ளே போனாள்.

கூடத்தில் குமரேசனும் அவன் அக்கா வசந்தாமணியும் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அல்லேலூயா அம்மா," என்றாள் வசந்தாமணி. "பழைய சோறு கெடக்குது, ஊறுகா கெடக்குது. உங்க சாமி அதுக்கு ஒண்ணுஞ் சொல்லாதில்ல?"

குமரேசன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் வெள்ளைச் சேலையின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று பாஸ்டர் காலையில் சொல்லியிருந்தார். முகம் கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தாள்.

விடியும் முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றவள். இன்றைக்கு விரதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். சுவரைப் பிடித்தபடி குனிந்து ஓர் இலையை விரித்தாள். தனியாக இல்லை. அந்த வரிசையிலேயே, வசந்தாமணிக்குப் பக்கத்தில்.

கையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசி.

"அத்தே, நான்..."

"உக்காரு."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்தாள். மாமியார் மூடியைத் திறந்து சோற்றை வைத்தாள். ஆறிப்போன சோறு. அதன்மேல் பருப்பு. ஓரத்தில் வடை.

"காலைலயே எடுத்து மூடி வெச்சது," என்றாள். "படைக்கறதுக்கு முந்தி."

வசந்தாமணியின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

அமாவாசைச் சமையலில் இந்த வீட்டில் யாரும் உப்புப் பார்ப்பதில்லை. கொதிக்கும்போது முகர்ந்து பார்ப்பதுகூடக் குற்றம். முதலில் இறந்தவருக்கு. பிறகு காக்கைக்கு. அப்புறம்தான் மனிதர்களுக்கு.

"ஏம்மா, அப்பனுக்கு வெக்கறதுக்கு முந்தியேவா எடுத்த?" என்றாள் வசந்தாமணி.

"ஆமா."

"அவரு என்ன நெனப்பாரு?"

"அவரு கேட்டா நாஞ் சொல்லிக்கறன். நீ திங்கற வேலையப் பாரு."

குமரேசனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அவள் கண்ணை மூடினாள். சாப்பிடும் முன் சொல்கிற வார்த்தைகள் வரவில்லை. இந்த ஒரு வருஷமும் மாமியாருக்காக ஜெபித்திருக்கிறாள். அவள் மனம் மாற வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்டிருக்கிறாள். 'உங்களுக்குக் கால் வலிக்குதா அத்தே' என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்து சாப்பிட்டாள்.

வடையில் உப்புக் குறைவு. நன்றாக இருந்தது.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மாமனார் படத்துக்கு முன்னால் படைத்த இலையை எடுத்துவந்து அதில்தான் மாமியார் விரதம் முடிப்பாள். அதை எடுக்கப் போனாள். குனிந்தவள் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நிமிரவும் முடியவில்லை.

குமரேசன் கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தான்.

அவள் எழுந்துபோய் மாமியாரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். படத்துக்கு முன்னால் நின்றாள்.

விபூதி. எரிந்து முடிந்த ஊதுபத்தி. இலை நிறையப் படைத்த சோறு.

படையலைத் தொட்டாயா என்று சபையில் யாராவது கேட்கக்கூடும்.

குனிந்து, இலையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, அலுங்காமல் தூக்கினாள்.

வசந்தாமணி காலை மடக்கி வழிவிட்டாள்.

"பாத்து வா கண்ணு," என்றாள் மாமியார். "பாயாசம் சிந்திரும்."