பாடம் முடிந்ததும்

கடிதம் தயாராக இருக்கிறது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

'இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து என்னை விடுவிக்கும்படி வேண்டுகிறேன்.'

ஒரே வரி. அதை எழுத அவளுக்கு ஒன்பது நாள் ஆனது.

ஜார்ஜியாவில் இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவம், நான்காம் ஆண்டு. இன்று மாலை நாலு மணிக்குள் பழைய இடத்தை விட்டால்தான் புதிய இடம்.

பழைய இடம் உக்ரைனில்.

போர் தொடங்கிய மூன்றாம் நாள் ரயிலில் நின்றபடியே எல்லைக்கு வந்தவள். இரண்டு வருடமாக அருப்புக்கோட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் கேட்கிறாள். இதற்குள் அவள் கையால் தொட்டுப் பார்த்த ஒரே உறுப்பு, அம்மா கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்த ஆட்டு இதயம். அதுவும் மத்தியானம் குழம்பில் போய்விட்டது.

இப்படியே படித்தால் இங்கே டாக்டர் என்று பதிய முடியாது. கல்லூரியில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட் அடித்துச் சொல்லிவிட்டார்.

"இன்னும் என்னத்தப் போட்டு யோசிக்க? அங்கன குண்டு விழுது. சட்டுபுட்டுன்னு அனுப்பிவிடு தாயி," என்று அப்பா கீழேயிருந்து கத்தினார்.

அப்பா சொல்வது சரிதான். அதுதான் சங்கடம்.

அவளுக்கு அந்த ஊர் வேண்டும்.

விடுதி வாசலில் திரும்பும் டிராம் வேண்டும். அறையில் ஆணியில் மாட்டிவிட்டு வந்த வெள்ளைக் கோட்டு வேண்டும். கேன்டீன் பீட்ரூட் சூப் வேண்டும். இருந்த காலத்தில் அதைப் பார்த்து முகம் சுளித்தவள்தான். இப்போது நாக்கு கேட்கிறது.

பதினொன்றரைக்கு வகுப்பு.

லாரிசா மேடம் திரையில் வந்தார். கல்லூரியின் நிலவறை. கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றார். பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது.

வருகைப் பதிவு எடுத்தார்.

போன வருடம் இருபத்தாறு பேர். தீபாவளிக்குப் பிறகு ஒன்பது. போன வாரம் இரண்டு.

இன்று ஒரு பெயர்தான் வாசித்தார்.

"முத்துச்செல்வி."

யாரும் முழுசாகக் கூப்பிடாத பெயர். வீட்டில் தாயி. ஏஜென்டுக்கு எம். செல்வி. மேடம்தான் முதல் வருடமே அவளை நிறுத்தி வைத்து, நாலு தரம் சொல்லச் சொல்லி, நாக்கைப் பழக்கிக்கொண்டார்.

"இருக்கிறேன் மேடம்."

கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள்.

மேடம் முந்திக்கொண்டார்.

"உன் நண்பர்கள் எல்லாம் போன இடத்தில் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நீயும் போ, பெண்ணே. பாடம் முடிந்ததும் கடிதத்தை அனுப்பு. உடனே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

பிறகு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, பலகைப் பக்கம் திரும்பிச் சிறுநீரகம் வரைய ஆரம்பித்தார்.

ஒரே ஒரு ஆளுக்காக. நாலு நிறச் சாக்பீஸில்.

அவள் குறிப்பெடுத்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

மேடம் அன்றைக்கு அவசரமே படவில்லை. சொன்னதையே இன்னொரு தரம் சொன்னார். நடுவில் ஒரு முறை திரை இருண்டது. அவள் பதறிப்போனாள். திரும்ப வந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். கைகளைத் தட்டிக்கொண்டார். இனிச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

"சந்தேகம் ஏதாவது?"

எல்லாம் புரிந்திருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

"இருக்கிறது மேடம்," என்றாள். "முதலில் இருந்து சொல்லுங்கள்."



மேடம் பலகையை முழுசாக அழித்துவிட்டு, மறுபடியும் சாக்பீஸை எடுத்தார்.