அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

சமரசப் பயிற்சிச் சான்றிதழ் வகுப்புக்குப் பெயர் பதியும் ஜன்னலில், மத்தியான வெயில் விண்ணப்பத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணை, வகுப்பில் சேர வந்த பள்ளி ஆசிரியை எங்கும் பார்க்காமலே எழுதித் தருகிறாள். குமாஸ்தா அதைக் கணினியில் ஏற்றிவிட்டு நிமிர்கிறார். "யாரும்மா இது?" "அக்கா. பேசி ஆறு வருஷமாச்சு." "அடடா! உங்க பேர் போட்டு அவங்க போனுக்கு ஓடிபி போயிடுச்சே. அதைக் கேட்டுச் சொன்னாதான் பதிவாகும். ரெண்டே நிமிஷம்." பின்னால் வரிசை நெளிகிறது. மின்விசிறி காகித ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவள் கைப்பேசியில் அக்காவின் பெயருக்கு மேல் விரலை நிறுத்தி வைத்திருக்கிறாள், அழுத்தவில்லை. "வேற யார் நம்பராவது குடுங்களேன்." அவள் வாய் திறப்பதற்குள் கைப்பேசி உள்ளங்கையில் அதிர்கிறது. அக்காவிடமிருந்து நான்கு இலக்கங்கள். நலமா என்றுகூட இல்லை. அவள் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறாள், கடைசி எண்ணை மட்டும் இரண்டு தரம்.