ஆணுரை, பெண்ணுரை

தலைமையுரையை நாலு பக்கத்தில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கல்லூரி அதிபர் நல்லரத்தினம் மண்டபத்துக்குள் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. பேச்சுப் போட்டி என்றால் அவருக்கு அழைப்புத் தேவையில்லை.

மேடையில் விதுர்ஷா நின்றாள். இரண்டாம் வருட மாணவி. கூடப் படிப்பவர்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்தவள்; ‘சகபாடிக் கல்வியாளர்’ என்ற அட்டை கழுத்தில் தொங்கியது. கேள்விப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வாசித்தாள்.

“‘காச்சட்டைப் பொக்கட்டில கனநாள் வெச்சிரிந்தா அது பழுதாகுமா?’ நல்ல கேள்வி. ஓம், பழுதாகும். சூடும் உரசலும் அதுக்கு ஆகாது.”

“எது பழுதாகும்?” என்றார் அதிபர், வாசலில் நின்றபடி.

“ஆணுறை, சேர்.”

மண்டபம் சிரித்தது. அதிபர் மேசையைப் பார்த்தார். ஒரு பெட்டி நிறைய உறைகள், உறை போட்டுக் காட்ட மரத்தில் கடைந்த உருவம், கிளினிக் நடக்கும் நாட்கள் அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள். அவருடைய கை சட்டைப் பையில் இருந்த தலைமையுரையைப் பொத்திக்கொண்டது.

“ஆருட அனுமதியில இது நடக்குது?”

“உங்கட அனுமதிதான் சேர்.” விதுர்ஷாவோடு பயிற்சி எடுத்த அப்ஹாம் கடிதத்தை நீட்டினான். அடியில் அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

அதிபர் உரக்க வாசித்தார். “‘ஆணுரை, பெண்ணுரை: மாணவருக்கான விளக்கம்.’ ஆணுரை எண்டா ஆண் பேசுற உரை. பெண்ணுரை எண்டா பெண் பேசுற உரை. ரெண்டு தரம் இந்தக் கூத்துக்குக் கடிதம் கொண்டு வந்தீங்க, கிழிச்சுப் போட்டன். மூண்டாந்தரம் இதப் பார்த்திட்டு, புள்ளைகள் திருந்திட்டுகள், பேச்சுப் போட்டி வைக்கப் போகுதுகள் எண்டு சந்தோசப்பட்டுக் கையெழுத்து வெச்சன்!”

விதுர்ஷா கடிதத்தை எட்டிப் பார்த்தாள். உறைக்கு வரவேண்டிய றானா இல்லை. உரைக்கு வரும் ரானா இருந்தது. கையெழுத்தைக் கண்ட சந்தோசத்தில் மேலே இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை.

“என்னடா இது? நீதானே எழுதிக் குடுத்த?” என்றாள் மெதுவாக.

அப்ஹாம் விழித்தான். கடைக்குச் சாமான் துண்டு எழுதினாலும் நாலு பிழை விடுகிறவன் அவன். “ஞாபகமில்லகா... ஒபிஸில டைப் அடிக்கக்குள்ள மாறியிரிக்கும் சேர்.”

“ஆர், மங்கையற்கரசி மிஸ்ஸா? தன்ட பேரில றானா இல்லாம ரானா கிடக்குதெண்டு, பெயர்ப் பலகைய களுதாவளைப் பெயிண்டருக்கு ரெண்டு தரம் திருப்பி அனுப்பின மனுசி! இருபத்தெட்டு வருசத்தில ஒரு எழுத்துப் பிழைச்சதில்ல. நீங்கதான் திட்டம் போட்டு என்ன ஏமாத்தினீங்க. கூப்பிடுங்க மிஸ்ஸ!”

அலுவலக எழுதுவினைஞர் மங்கையற்கரசி கடதாசியும் பேனையுமாக வந்து நின்றார்.

“எழுதுங்க மிஸ். ரெண்டு பேருக்கும் ஒரு மாத இடைநிறுத்தம். காரணம், அதிபரை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினது.”

ஒரு மாதம் என்றால் இறுதிச் சோதனை போய்விடும். விதுர்ஷா ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை.

“ஒராளுக்கு எழுதுங்க மிஸ். ரானா போட்டது நான். தெரிஞ்சுதான் போட்டன்.”

“பொய் சொல்லாதகா,” என்றான் அப்ஹாம்.

“சும்மா இரிடா!” அதிபரின் பக்கம் திரும்பினாள். “சேர், போன வருசம் அங்கால கரையில இரிந்து பாதைப் படகேறி, வாவி கடந்து வந்து படிச்ச ஒரு புள்ள பாதியில நிண்டிட்டா. ஏனெண்டு உங்களுக்கும் தெரியும். முதல் தரம் எண்டா பிள்ள தங்காது எண்டு ஆரோ சொன்னத நம்பினவ. அது பொய்யெண்டு சொல்ல அண்டைக்கு இங்க ஒராள் இல்ல. இண்டைக்கு இரிக்கம். என்ன நிப்பாட்டுங்க, பரவாயில்ல. கூட்டத்த நிப்பாட்ட ஏலாது.”

“வாய்க்கொழுப்பா? எல்லாரும் எழும்புங்க! வெளிய போங்க!”

ஒரு கதிரையும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“அக்கா, அடுத்த துண்ட எடுங்க.”

விதுர்ஷா பெட்டிக்குள் கைவிட்டாள். அதிபர் மேசையில் அறைந்தார். மரத்தில் கடைந்த உருவம் உருண்டுபோய் அவருடைய சப்பாத்தடியில் நின்றது. சிரிப்பை அடக்க முடியாமல் பின்வரிசையே இருமியது.

“எழுதி முடிஞ்சுதா மிஸ்?”

“முடிஞ்சுது சேர். கையெழுத்து வைங்க.”

அதிபர் பேனையைத் திறந்தார். கடதாசியில் பேனையை வைத்தவர் அப்படியே நின்றார்.

“இதென்ன மிஸ், பேர் பிழைச்சிரிக்கி? உங்கட பேரல்லவா கிடக்கு!”

“பேர் பிழைக்கல்ல சேர்,” என்றார் மங்கையற்கரசி. “ரெண்டு தரம் றானா போட்டு அடிச்சுத் தந்தன், கிழிச்சீங்க. மூண்டாந்தரம் ரானா போட்டன், கையெழுத்து வெச்சீங்க.”