பத்மாசினி படிக்காத சொல்

மூன்றாம் நாளும் பத்மாசினி அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படித்தார்.

தக்சாயினி ரீச்சருக்கு எரிச்சல் வந்தது. வராமல் என்ன செய்யும்? வல்வெட்டித்துறையில் இங்கிலீஷ் ரியூஷன் கொடுக்கிறவர். பக்கத்து வீட்டுப் பத்மாசினி அக்கா கேட்டாரே என்று, தனக்கே தெரியாத ஃபரோ பாஷையைப் போனில் கேட்டுக் கேட்டு, தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தார். வணக்கத்துக்கே 'கோவன் தேயா' என்று சொல்கிற பாஷை அது.

பத்மாசினியின் கணவர் சோமசேகரத்துக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. நடுக்கடலில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தது ஐரோப்பாவுக்கு வடக்கே உள்ள ஃபரோ தீவுதான். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு மாதமாகியும் வாய் பேச வரவில்லை. இப்போதுதான் பத்மாசினிக்கு விசா கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை பயணம். இனி அவருக்காக இவர்தான் கதைக்க வேண்டும்.

தண்ணீருக்கு 'வாட்ன்', நோவுக்கு 'பூயினா'. இரண்டையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். நன்றிக்கு 'தாக்'. எல்லாவற்றிலும் சின்னச் சொல் அதுதான். அதைத்தான் தொடவில்லை.

"உந்தச் சொல்லை ஏன் விடுறியள், அக்கா?"

"அது வேண்டாம், ரீச்சர். 'நீர் வீட்டுக்குப் போய்ப் படும், இனி நான் பாக்கிறன்' எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஆருக்குச் சொல்ல?"

"மர்யுனுக்குத்தான்."

ரீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மர்யுன் அந்தத் தீவுப் பெண். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்தவர். அந்த நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போன பிறகும், இவர் தினமும் வந்து சோமசேகரத்துக்குச் சாப்பாடு ஊட்டி, போனைப் பிடித்து அவர் முகத்தைப் பத்மாசினிக்குக் காட்டிவிட்டுப் போகிறார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நன்றி சொல்ல மனமில்லை. விரட்டிவிடுவதற்கு மட்டும் வசனம் தேவைப்படுகிறது!

ரீச்சர் கொப்பியை மூடி வைத்தார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. அந்த மனிசி இல்லாட்டி அண்ணையின்ரை நிலமை என்ன? ஒரு நன்றி சொல்ல உங்களுக்கு அவ்வளவு பஞ்சியே? வாய் நோகுமோ?"

ரீச்சர் கேட்டது பத்மாசினிக்கு உண்மையாகவே விளங்கவில்லை போலிருந்தது.

"வேலை முடிஞ்சு நேர ஆஸ்பத்திரிக்கு வாறவள், ரீச்சர். நித்திரை இல்லாமல் கண் உள்ளுக்குப் போயிட்டுது. ரெண்டு மாசமாய் என்ரை மனுசனுக்குச் சாப்பாடு தீத்தினவளுக்கு நன்றி சொன்னால், பிறத்தியாள் எண்டு சொன்ன மாதிரியெல்லே?"

கொப்பியைத் திறந்து, பேனையை எடுத்து ரீச்சரின் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி எண்டு கூப்பிட அவையின்ரை பாஷையிலை எந்தச் சொல்லு? அதை எழுதித் தாங்கோ."