சவரிமுத்துவின் நடை

வரப்போரக் கம்பத்தில் இருந்த கேமராக் கண், நடையை வைத்தே விவசாயியை அடையாளம் கண்டது. பட்டா சவரிமுத்துவின் பேரில் இருந்ததால், அந்த வயலில் அதற்குத் தெரிந்தது ஒரே நடைதான்: இடதுகாலைத் தாங்கித் தாங்கி நடக்கும் அவன் நடை.

அவன் செத்த மறுவாரமே மனைவி ஆரோக்கியம் அவனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே தாங்கி நடந்தாள். சாவை எங்கும் பதியவில்லை. ஆறு வருஷமாக மானிய விதையும் உரமும் அவன் பேருக்கே வந்தன.

இந்தச் சித்திரையில் வேளாண் அலுவலர் மங்களம் வயலுக்கே வந்தாள்.

"அண்ணன் போனது எனக்குத் தெரியும்க்கா. இனிமே பட்டா இல்லாட்டியும் பாடுபடுறவங்க பேருல எழுதலாம். உங்க நடையில ஒருதரம் நடங்க, போதும்."

ஆரோக்கியம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் நடந்தாள். மங்களத்தின் கையிலிருந்த திரையில் சவரிமுத்துவின் முகம் வந்தது.

"விளையாடாதீங்கக்கா. உங்க நடையில நடங்க."

மறுபடி நடந்தாள். மறுபடியும் அவன்தான் வந்தான்.

ஆரோக்கியம் திரும்பி, ஈரமண்ணில் பதிந்த தன் காலடிகளைப் பார்த்தாள். இடதுகால் தடம் ஒவ்வொன்றும் பாதிதான் பதிந்திருந்தது.

"நான் எப்படி நடப்பேன்னு அவருக்குத்தாம்மா தெரியும்," என்றாள்.